சாய்ந்த மரத்தை இறக்குவது எப்படி?

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் வாலிபர்களுக்காக நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேடையிலே வழக்கமாகச் சமயச் சொற்பொழிவாளரும் தமிழறிஞரும் நின்று பேசுவார்கள். மரம் ஏறிப் பிழைத்த ஒருவனைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னது இதுவே முதல் தடவையாக இருக்கவேண்டும். செயலாளர் என்னிடம் வந்து, "ஐயா, புயலுக்குப் பிறகு நம்முடைய பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தோறும் சிரமதானத்திற்குப் போகிறார்கள். விழுந்த மரங்களை வெட்டி அப்புறப்படுத்துகிறார்கள். நீங்கள் வந்து நாலு வார்த்தை சொல்லவேண்டும்" என்று கேட்டார். நாலு வார்த்தையிலே முடிகிற விஷயமல்ல இது. ஆகையால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்தருள வேண்டும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலே டித்வா புயல் நம்மை எப்படி உருக்குலைத்துவிட்டுப் போயிற்று என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கை முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மாவட்டங்களுள் கண்டியிலேதான் இழப்பு மிக அதிகம். மகாவலி கரைபுரண்டு கம்பளையையும் பேராதனையையும் மூழ்கடித்தது. அலவத்துகொடையிலும் சரசவிகமவிலும் மலையே இறங்கி வந்து வீடுகளை விழுங்கியது. அந்தப் பெருந்துயரத்துக்கு முன்னே, விழுந்த மரங்களைப்பற்றிப் பேசுவது சின்ன விஷயம்போலத் தோன்றலாம். ஆனால் மழை நின்ற மறுநாள் நாம் வீட்டை விட்டு வெளியே வந்தபோது கண்ட காட்சி என்ன? றோட்டுக்குக் குறுக்கே மரம், மின்கம்பியின்மேலே மரம், கூரையின்மேலே மரம். அவற்றை எடுக்க நம் வாலிபர்கள் கத்தியும் கோடரியும் கொண்டு கிளம்பினார்கள். அந்த மனம் இருக்கிறதே, அதை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன். அந்த மனத்தோடு போனவர்களில் ஒருவன்கூடக் கால் ஒடிந்து திரும்பி வரக்கூடாது என்பதுதான் என்னுடைய கவலை.

நமது சமயத்திலே உழவாரப்பணி என்று ஒன்று உண்டு. அப்பர் சுவாமிகள் கோயில் கோயிலாகச் சென்று புல்லும் செடியும் செதுக்கித் திருப்பணி செய்தார். அவரை நாம் எந்தக் கோலத்திலே கும்பிடுகிறோம்? தோளிலே உழவாரப் படை தாங்கிய கோலத்திலே. அந்த வேலைக்கென்றே செய்த ஆயுதம் அது. தொண்டு செய்யப் போகிறவன் வெறும் பக்தியோடு போனால் போதாது, அதற்குரிய ஆயுதத்தோடும் போகவேண்டும் என்று அந்தத் திருவுருவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நிற்கிற மரத்தை வெட்டுவதுதான் ஆபத்து, விழுந்துவிட்ட மரத்திலே என்ன பயம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறு. நேராக நிற்கிற மரத்தின் பாரம் நேராக நிலத்துக்கு இறங்குகிறது. அதை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதை நாம் தீர்மானிக்கிறோம். வேரோடு சாய்ந்த மரமோ நம்மைக் கேட்டு விழவில்லை. அதன் அடி ஓரிடத்திலே தங்கியிருக்கும். நுனி இன்னோரிடத்திலே சிக்கியிருக்கும். நடுமரம் வில்லைப்போல வளைந்திருக்கும். வில்லை வளைத்து நாணேற்றி வைத்தால் அதற்குள்ளே விசை அடங்கியிருக்கும் அல்லவா? அந்த நாணை அறுக்கப் போகிறவன் நீங்கள். அறுத்தவுடனே எது எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாமல் வாளை வைத்தால், அது உங்கள்மேலேயே பாயும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேர்த்தட்டிலே இருக்கிறது. மரத்தின் வேர் மரத்தின் உயரத்துக்குச் சமமாகப் பூமிக்குள்ளே போகிறது என்று சொல்வார்கள். அப்படியல்ல. பெரும்பாலான வேர் மேல்மண்ணிலே, இரண்டு மூன்று அடி ஆழத்துக்குள்ளேயே பரந்து கிடக்கிறது. நாட்கணக்காக மழை பெய்து மண் சேறாகிப் போனால் வேருக்குப் பிடிப்பு இல்லை, காற்று தள்ளுகிறது, மரம் மண்ணையும் கல்லையும் தட்டோடு பெயர்த்துக்கொண்டு சாய்கிறது. அந்தத் தட்டு ஒரு சுவரைப்போல நிமிர்ந்து நிற்கும். அதை அப்படி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருப்பது எது? கீழே கிடக்கிற நெடுமரத்தின் பாரம். நீங்கள் போய் அடிமரத்தை அறுத்துவிட்டால் பிடித்திருந்த கை விட்டுப்போயிற்று. சுவர் படீரென்று பழையபடி குழிக்குள்ளே விழும். அந்தக் குழிக்குள்ளே அந்த நேரம் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நான் வாலிபனாய் இருந்த காலத்திலே, ஒரு தோட்டத்திலே வேலை செய்தபோது, இதைக் கண்ணாலே கண்டேன். என்னோடு ஒன்றாய் மரமேறப் பழகிய நண்பன் ஒருவன். ஒரு பெரிய கிரவீலியா மரம் சாய்ந்து கிடந்தது. நான் அடியிலே அறுத்துக்கொண்டிருந்தேன். மழை தூறியது. அவன் பீடி பற்றவைப்பதற்காக அந்தத் தட்டின் மறைவிலே, குழிக்குள்ளே போய் நின்றான். எனக்கு அது தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அறுத்து முடித்ததும் தட்டு எழும்பிய வேகத்திலேயே திரும்பிப் படுத்தது. அவன் உயிர் தப்பினான். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இன்றைக்கும் அவனைப் பார்க்கப் போனால், "நீ என்ன செய்வாய், நான்தானே போய் நின்றேன்" என்பான். வாளைப் பிடித்திருந்தவன் நான். அறுப்பதற்கு முன்னே ஒரு தடவை சுற்றிப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் போதும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். கடைசி அறுப்புக்கு முன்னே வாளை நிறுத்திவிட்டு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். பதில் வரவேண்டும். ஆளையும் காணவேண்டும். ஒருவர் முகம் தெரியாவிட்டாலும் வாளை முடுக்கமாட்டேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் முதலிலே சிரிப்பார்கள். பிறகு பழகிவிடுவார்கள்.

இனி, டித்வாவுக்குப் பிறகு நான் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். முறை என்னவென்று சொல்ல அதுவே வசதியாக இருக்கும்.

ஹந்தானைச் சரிவிலே ஒரு சின்ன வீடு. வீட்டுக்கு மேலே கரையிலே நின்ற அல்பீசியா மரம் ஒன்று வேரோடு பெயர்ந்து, பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து, வீட்டை ஒட்டி நின்ற பலாமரத்தின் கவரிலே சிக்கிக்கொண்டது. அதன் நடுமரம் தகரக் கூரைக்கு நாலு அடி உயரத்திலே தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலே ஒரு பாட்டியம்மா. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு நாளாக வந்து பார்த்து, பலாவைத் தறித்தால் எல்லாம் ஒன்றாய் இறங்கிவிடும் என்று தீர்மானித்திருந்தார்கள். இறங்கியிருக்கும், கூரையின்மேலே. அந்த அம்மா என்னைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை: "ஐயா, வீடு போனாலும் கட்டிக்கலாம். இந்தப் பலா எங்களுக்கு எத்தனை வருஷமாச் சோறு போட்டிருக்கு. அத வெட்டிப்புடாதீங்க." பிறகு சுவாமி படத்தை மட்டும் துணியிலே சுற்றிக்கொண்டு மேலே கோயிலடியிலே போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் வாளை லொறியை விட்டு இறக்கவே இல்லை. முதல் ஒரு மணி நேரம் நடந்தேன். சுற்றிச் சுற்றி நடந்து மூன்று விஷயங்களைப் பார்த்தேன்.

முதலாவது மின்கம்பி. கூரைக்கு வந்த கம்பி மரத்தின் அடியிலே நசுங்கிக் கிடந்தது. ஊரெல்லாம் இருட்டாக இருக்கிறது, ஆகையால் கம்பியிலே மின்சாரம் இல்லை என்று ஒரு தம்பி சொன்னார். அண்டை வீட்டிலே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிழையாக இணைத்த ஒரு ஜெனரேட்டர் போதும், செத்த கம்பிக்கு உயிர் வந்துவிடும். மின்சாரப் பகுதியார் வந்து துண்டித்து, துண்டித்தாயிற்று என்று அவர்கள் வாயாலே சொல்லும்வரையில் நாங்கள் கிட்டப் போகவில்லை. அதற்கே அரைநாள் போயிற்று. போகட்டும்.

இரண்டாவது நிலம். இது மலைநாட்டவர் நாம் எல்லாரும் கவனிக்க வேண்டியது. ஒரு மரம் சாய்ந்திருக்கிறது என்றால், மரம் சாய்ந்ததா, மலை சாய்ந்ததா என்று முதலிலே கேட்கவேண்டும். கரையிலே புதிதாக வெடிப்பு இருக்கிறதா? பக்கத்திலே நிற்கிற மரங்களும் அதே பக்கமாகச் சரிந்து நிற்கின்றனவா? ஊற்று இல்லாத இடத்திலே சேற்றுநீர் கசிகிறதா? இவற்றிலே ஒன்று இருந்தாலும் அங்கே வெட்டுகிற வேலையே கிடையாது. ஆட்களை அப்புறப்படுத்திவிட்டுக் கிராம உத்தியோகத்தருக்கும், 117 என்ற இலக்கத்திலே அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அறிவிப்பதுதான் வேலை. மண்சரிவை ஆராய்ந்து சொல்லத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நம்முடைய ஊகம் அங்கே செல்லாது. ஹந்தானையிலே நல்லவேளையாக வெடிப்பு இல்லை. காற்றுதான் மரத்தைத் தள்ளியிருந்தது.

மூன்றாவது, எதிலே ஏறுவது. வேர் பெயர்ந்த மரத்திலே ஏறக்கூடாது. இதற்கு விதிவிலக்கே இல்லை. எவ்வளவு கெட்டியாகக் கிடந்தாலும், ஓர் ஆளின் பாரமும் வாளின் அதிர்ச்சியும் சேரும்போது அது புரண்டுவிடும். ஏறுவதற்குப் பக்கத்திலே வேறொரு நல்ல மரம் வேண்டும். எங்களுக்குப் பலாமரமே அமைந்தது. அதையும் சும்மா நம்பவில்லை. அடியிலே மண் கிளம்பியிருக்கிறதா, தண்டிலே பொந்து உண்டா, விழுந்த மரம் மோதியதிலே கவர் பிளந்திருக்கிறதா என்று தொலைநோக்கி கொண்டு பார்த்தேன். மரச்சுத்தியாலே தட்டிப் பார்த்தேன். உள்ளே கெட்ட மரம் மத்தளம்போல ஒலிக்கும். பலா திடமாக இருந்தது. கவருக்கு மேலே இன்னும் பன்னிரண்டு அடி உயரத்திலே, பாரம் விழாத தனிக் கொம்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

ஏறுகிற முறையைப்பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பனையேறி தளைநாரைக் காலிலே மாட்டிக்கொண்டு ஏறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நம்முடைய கண்டிப் பக்கத்திலே கித்துள் இறக்குகிறவர்களும் மிடுக்காக ஏறுவார்கள். அவர்கள் திறமைக்கு நான் என்றும் அடிமை. ஆனால் வாளோடு மரத்திலே நின்று வேலை செய்கிறவனுக்கு இரண்டு கைகளும் வேண்டும். ஆகையாலே அவனைத் தாங்குவது கயிறாக இருக்கவேண்டும். இடுப்பையும் தொடையையும் சுற்றிய வார்க்கச்சை ஒன்று. கொம்பின்மேலாகப் போட்ட ஏறுகயிறு ஒன்று. அந்தக் கயிற்றையும் கச்சையையும் இணைப்பது ஒரு முடிச்சு. பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கும், பாரத்தை எடுத்தால் கையாலே நகர்த்தலாம். 1931ஆம் ஆண்டிலே கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரிய நாட்டு மலையேறி வெளியிட்ட முடிச்சு அது. அவர் பெயராலேயே வழங்குகிறது. இன்று மரமேறிகள் போடுகிற முடிச்சுகள் பல அதன் வழிவந்தவை. வாளை எடுக்கும்போது ஏறுகயிறு மட்டும் போதாது. உள்ளே கம்பி வைத்துப் பின்னிய இடைக்கயிறு ஒன்றையும் மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். வாள் தவறி ஒரு கயிற்றை அறுத்தாலும் மற்றது இருக்கும். காலிலே கட்டுகிற முள்ளாணிகளை அன்று நான் போடவில்லை. வெட்டி வீழ்த்தப் போகிற மரத்துக்குத்தான் முள். பிழைக்கவேண்டிய பலாவின் பட்டையிலே அதைக் குத்தினால் அந்தப் புண் வழியே நோய் புகும்.

இனி இறக்குகிற கயிறு. ஆள் ஏறுகிற கயிறு வேறு, மரம் இறக்குகிற கயிறு வேறு. ஒன்றை மற்றதற்கு ஒருநாளும் பாவிக்கக்கூடாது.

மரத்தின் பாரத்தை யாரும் சரியாக மதிப்பதில்லை. ஒரு கணக்குச் சொல்கிறேன். இரண்டு அடி குறுக்களவும் பத்து அடி நீளமும் உள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை மரம் பெரும்பாலும் தண்ணீரின் பாரத்துக்குக் கிட்ட வரும். அல்பீசியா போன்ற மென்மரம் குறையும், பலா, மகோகனி போன்றவை நெருங்கும். தண்ணீர்க் கணக்கிலே பார்த்தால் அந்தத் துண்டு ஏறக்குறைய 890 கிலோ. எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தும் தூக்க முடியாதது. அதை அறுத்துவிட்டு, "மச்சான், கயிற்றைப் பிடி" என்றால், பிடித்தவன் கயிற்றோடு மேலே போவான்.

அப்படியானால் எப்படி இறக்குவது? மேலே உறுதியான கொம்பிலே வார் போட்டுக் கப்பி ஒன்றைக் கட்டுகிறோம். கயிறு கப்பியின்மேலே போய் அறுக்கப்போகிற துண்டிலே கட்டப்படுகிறது. மறுமுனை கீழே வந்து ஒரு நல்ல அடிமரத்திலே சுற்றப்படுகிறது. அந்தச் சுற்றிலேதான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது. கயிறு மரத்தோடு உராய்கிற உராய்வு பாரத்தைத் தின்றுவிடுகிறது. ஆய்லர் என்ற கணித மேதை 18ஆம் நூற்றாண்டிலே இதை ஆராய்ந்து சூத்திரம் எழுதினார். ஒவ்வொரு சுற்றும் பாரத்தைக் கூட்டிக் கழிப்பதில்லை, வகுத்துக்கொண்டே போகிறது. உராய்வு நடுத்தரமாக இருந்தால் ஒரு சுற்றுக்கு நாலில் ஒன்று. இரண்டு சுற்றுக்குப் பதினாறில் ஒன்று. மூன்று சுற்றுக்கு அறுபத்து நாலில் ஒன்று. 300 கிலோத் துண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு கையிலே ஐந்து கிலோவாக வரும். ஒரு பெண்பிள்ளைகூட ஒரு கையாலே இறக்கலாம். எங்கள் குழுவிலே அந்த வேலையைச் செய்வதும் ஒரு பெண்பிள்ளைதான், நிதானம் அவருக்குத்தான் அதிகம். துறைமுகத்திலே பெரிய கப்பலை ஒருவன் கயிற்றைச் சுற்றியே நிறுத்துகிறானே, அதுவும் இதே கணக்குத்தான். ஆனால் கயிறு நனைந்தால், பட்டை வழுவழுப்பாய் இருந்தால் கணக்கு மாறும். ஆகையால் முதலிலே சின்னக் கொப்பு ஒன்றை இறக்கிப் பார்த்துக் கையாலே அறியவேண்டும். சுற்றைப் பிடிக்கிறவர் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ முடிந்துகொள்ளக்கூடாது.

நம்முடைய தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்து இழுப்பவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். சில்லுக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இரண்டொருவர். தேர் பள்ளத்திலே ஓடாமல் நிலைக்கு வந்து சேருவது அவர்களாலே.

கப்பியைப்பற்றி ஒன்றை மறக்கக்கூடாது. 300 கிலோ துண்டு தொங்கும்போது கொம்பின்மேலே விழுகிற பாரம் 300 அல்ல. துண்டு ஒரு பக்கம் இழுக்கிறது, அதைத் தடுக்கிற கயிறு மறுபக்கம் இழுக்கிறது. ஆகவே கப்பிக்கு 600. துண்டு ஓர் அடி இரண்டடி விழுந்து திடீரென்று நிறுத்தப்பட்டால் அதைப்போலப் பல மடங்கு. கயிற்றின் உறையிலே எழுதியிருக்கிற அறுபடும் பாரத்தைப் பார்த்து மகிழாதீர்கள். அதிலே பத்திலொரு பங்கைத்தான் நான் நம்புவேன். முடிச்சுப் போட்ட இடத்திலே கயிற்றின் பலத்திலே மூன்றிலொரு பங்கு, சிலவேளை பாதிகூடப் போய்விடும். ஆகவே சின்னச் சின்னத் துண்டாக அறுப்பதே புத்தி. ஒரு மணி நேரம் கூடுதலாகப் போனால் என்ன?

ஹந்தானையிலே நுனியிலிருந்து தொடங்கினோம். முதலிலே கூரைக்கு மேலே நின்ற சின்னக் கொப்புகள், பிறகு கிளைகள், பிறகு நடுமரத்தை மூன்றடி மூன்றடித் துண்டுகளாக. ஒவ்வொரு அறுப்புக்கும் முன்னே, மரம் எந்தப் பக்கம் நசுங்குகிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்க்கவேண்டும். இரண்டு முனையும் தாங்கப்பட்டு நடு தொங்கினால், மேற்பக்கம் நசுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. மேலே மூன்றிலொரு பங்கு அறுத்து, பிறகு கீழேயிருந்து வந்து முடிக்கவேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இதற்கு எதிர்மாறு: முதலிலே கீழே, பிறகு மேலே. நசுங்குகிற பக்கம் முன்னே, இழுபடுகிற பக்கம் பின்னே என்று ஞாபகம் வைத்தால் போதும். மாற்றி அறுத்தால் வாள் சிக்கும், அல்லது மரம் நீளவாக்கிலே பிளந்து முகத்திலே அடிக்கும். பக்கவாட்டிலே வளைந்த மரமானால், வளைவின் உட்பக்கமாக நின்று வேலை செய்யுங்கள்.

எங்களுக்கு ஒரு தொல்லை எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. கீழே கயிறு பிடிக்க உதவிக்கு வந்தவர்கள் சிங்களச் சகோதரர்கள் இருவர், மற்றவர்கள் தமிழர். சிங்களத்திலே இழு என்பதற்கு அதின்ன, விடு என்பதற்கு அதரின்ன. வாள் சத்தத்திலே, மழைத் தூறலிலே, இருபதடி உயரத்திலிருந்து கேட்டால் இரண்டும் ஒன்றுதான்! ஒரு தடவை நான் விடச் சொன்னேன், அவர்கள் இழுத்தார்கள். துண்டு எழும்பி வந்து என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. உடனே இறங்கி வந்து எல்லாரும் தேநீர் குடித்தோம். மொழியே வேண்டாம் என்று தீர்மானித்து, ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் இழு என்று வைத்துக்கொண்டோம். யார் ஊதினாலும் ஒரு விசிலுக்கு எல்லாரும் நிறுத்தவேண்டும். மற்ற இரண்டையும் மேலே இருக்கிறவன் ஒருவன்தான் ஊதலாம்.

இப்படிப் பாரம் குறையக் குறையப் பலாவின் கவர் மெல்ல நிமிர்ந்தது. கடைசியிலே வேர்த்தட்டும் அதோடு ஒட்டிய அடிமரமும் மிஞ்சின. அதற்கு மேற்பக்கத்திலே உறுதியாய் நின்ற ஒரு மரத்துக்கும் தட்டுக்கும் இடையே டிர்போர் என்ற கைவிசைப் பொறியைக் கட்டிக் கம்பிவடத்தை இறுக்கினோம். தோட்டங்களிலே சேற்றிலே புதைந்த லொறியை இழுக்கிறார்களே, அதே பொறிதான். சரிவான நிலத்திலே தட்டு குழிக்குள்ளேதான் விழும் என்று நிச்சயமில்லை. பள்ளத்தை நோக்கி உருண்டு வீட்டின்மேலேயும் போகலாம். அதனாலே அடிமரத்தை ஒட்ட அறுக்காமல் ஆறடி நீளம் விட்டே அறுத்தோம். அந்த ஆறடி ஒரு ஊன்றுகோல்போல நின்று தட்டை உருளவிடாது. அறுப்பதற்கு முன்னே எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் வந்தது. அறுத்த பிறகு பொறியைப் பல் பல்லாக விட்டுத் தட்டைக் குழியிலே படுக்கவைத்தோம். வேரைத் தோண்டி எடுக்கவில்லை. சரிவிலே இருக்கிற வேர், செத்தாலும் சில காலம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். சுற்றியிருந்த பள்ளத்தை மண் போட்டு மிதித்து, மழைநீர் அங்கே தேங்காமல் பக்கத்துக் கானுக்கு வழி வெட்டிவிட்டோம். மலைச்சரிவிலே திறந்து கிடக்கிற குழி அடுத்த மழைக்கு நீரைக் குடித்து உள்ளே அனுப்பும். அதன் பலனை நாம் பார்த்துவிட்டோம்.

இரண்டரை நாள் வேலை. கூரையிலே ஒரு தகரம் மட்டும் நசுங்கியது. அதுவும் நான் கைதவறவிட்ட சுத்தியலாலே!

சிலர் கேட்பார்கள், கண்டியிலே யானை இருக்கும்போது இந்தக் கப்பியும் கயிறும் எதற்கு என்று. தரையிலே கிடக்கிற கட்டையை இழுக்க யானையைப்போல வேறொன்றில்லை. ஆனால் மேலே சிக்கித் தொங்குகிற மரத்தின் கீழே அந்த வாயில்லாச் சீவனைக் கொண்டுபோய் நிறுத்துவது பாவம். ட்ராக்டரைக் கட்டி இழுப்பதும் அப்படித்தான். சாதாரண நைலோன் கயிறு நீளும். நீண்டது அறுந்தால் சாட்டையாய்த் திரும்பி வரும். சிக்கிய மரத்தை இழுத்து விழுத்துகிறவன் அது எங்கே விழும் என்று அறியமாட்டான்.

சட்டத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்கக்கூடாது என்று 1951ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் வந்தது. புயலிலே சாய்ந்ததுதானே என்று பலகை அறுத்து லொறியிலே ஏற்றிவிடாதீர்கள். முதலிலே கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். தொண்டுக்குப் போன பிள்ளைகள் மரம் கடத்தினார்கள் என்ற பெயர் சங்கத்துக்கு வரக்கூடாது.

புயல் அடித்தால்தான் மரம் விழும் என்றும் இல்லை. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் திகதி கொழும்பிலே கொள்ளுப்பிட்டியில், மழைநேரத்திலே ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின்மேலே ஒரு பெரிய மரம் சாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். நம்முடைய கண்டி வாவிக்கரையிலே நிழல் தருகிற பெரிய மரங்களைப் பாருங்கள். மாரா என்று எல்லாரும் சொல்கிற தூங்குமூஞ்சி மரங்களுக்கு எவ்வளவு விரிந்த தலை! அவற்றின் அடியை றோட்டுக்காகவும் கானுக்காகவும் வெட்டி வெட்டி வேரைக் குறைத்துவிட்டு, மரத்தைக் குற்றம் சொல்வதிலே நியாயமில்லை. நான் மரத்தை அறுத்துப் பிழைத்தவன். ஆனாலும் பயத்திலே நல்ல மரங்களையெல்லாம் தறித்துத் தள்ளவேண்டும் என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

சங்கத்தார் என்னிடம் ஒரு இயந்திர வாள் வாங்கித் தரப்போவதாகச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். முதலிலே தலைக்கவசமும் கண்ணாடியும் காதடைப்பும், வாள் பட்டால் சங்கிலியைச் சிக்கவைக்கிற காற்சட்டையும் வாங்குங்கள். பிறகு இரண்டு நல்ல கயிறு, கப்பி ஒன்று, வார் நாலு, விசில் ஆறு. வாள் கடைசியிலே வரட்டும். அதையும் முறையாகப் பழகிய இருவர் கையிலே மட்டும் கொடுங்கள். அதுவரையில் நம் பிள்ளைகள் தரையிலே கிடக்கிற கொப்புகளைக் கைவாளாலே அறுக்கலாம், அள்ளலாம், கான் வெட்டலாம், ஆட்களை எச்சரிக்கலாம். கம்பி பட்ட மரம், வீட்டின்மேலே தொங்குகிற மரம், வெடித்த நிலத்து மரம், தட்டு நிமிர்ந்து நிற்கிற பெருமரம், இவற்றிலே கைவைக்கமாட்டோம், தெரிந்தவர் வரட்டும் என்று சொல்வதற்கு வெட்கப்படவேண்டாம். கூடிநிற்கிற சனம் ஏளனம் செய்யும். "பயந்தாங்கொள்ளிகள்" என்பார்கள். என் நண்பனுடைய வீட்டுக்கு அவர்களை ஒரு தடவை அழைத்துக்கொண்டு போகலாம்.

போன வாரம் ஹந்தானைப் பக்கம் போயிருந்தேன். பலாவிலே காய் பிடித்திருக்கிறது. பாட்டியம்மா ஒரு பிஞ்சைப் பறித்துக் கொடுத்தார், கறிக்கு நன்றாயிருந்தது.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சங்க மண்டபத்துக்குப் பின்னாலே உள்ள மாமரத்தடியிலே கயிறும் கப்பியும் கொண்டு வந்து காத்திருப்பேன். பழக விருப்பமுள்ளவர்கள் ஆளுக்கு இரண்டு பாகம் கயிறு எடுத்து வாருங்கள். முதல் மாதம் முடிச்சு மட்டும்தான். மரத்திலே ஏற விடமாட்டேன்.